சலவை அறைக்கு வந்த செங்கடல்

1993ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் திகதி திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு, டோர்செட் பார்க் பக்கமாகக் கென்னடி வீதியில் நிற்கும் பத்தொன்பது மாடிக் கட்டடத்தின் நிலக்கீழ்ச் சலவை அறைக்குக் கடல் வந்தது. அன்று விக்ரோறியா நாள் விடுமுறை. விடுமுறை நாட்களில் இயந்திரங்களுக்கு அடிபிடி என்பதால் நான்காம் மாடி யோகமலர் விடியவே இறங்கி மூன்று இயந்திரங்களைப் பிடித்து உடுப்புப் போட்டிருந்தார். எடுக்கத் திரும்பி வந்தபோது முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. இளஞ்சூடான, பச்சை கலந்த நீலத் தண்ணீர். சுவரோரம் சின்னச் சின்ன அலை அடித்தது. இயந்திரங்கள் ஒன்றும் நடவாததுபோல் சுற்றிக்கொண்டிருந்தன. யோகமலர் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கடல் உப்புத்தான், அதுவும் ஊர்க் கடலைவிடக் கொஞ்சம் கூட. படுக்கை விரிப்புகள் உப்புப் பூத்து அப்பளம்போல் விறைத்து வெளியே வந்தன. கட்டடப் பராமரிப்பாளர் நீக்கிலாப்பிள்ளை குழாய்க்காரரை அழைத்தார். அவர் ஒரு மணித்தியாலம் தேடிவிட்டு, எந்தக் குழாயும் உடையவில்லை, கடல் தன் வேலைக்குள் வராது என்று எழுதிக் கொடுத்து, விடுமுறை நாள் கட்டணமாகத் தொண்ணூற்றைந்து டொலர் வாங்கிக்கொண்டு போனார்.

அதே காலை உச்சி மாடியில் எமில்டா ரீச்சருக்கு வேறு கரைச்சல். கேத்தில் தண்ணீர் வழமைக்கு முந்திக் கொதித்தது, ஆனால் பருப்பு இரண்டு மணித்தியாலம் அடுப்பில் கிடந்தும் வேகவில்லை. ஜன்னலைத் திறந்தால் ரொறன்ரோவின் மே மாதக் காற்று வரவில்லை. யூக்கலிப்ரஸும் வறுத்த கோப்பியும் மணக்கிற, மெல்லிய மலைக்காற்று வந்தது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. அவர் தனக்கு நெஞ்சில் ஏதோ என்று பயந்து அம்புலன்சைக் கூப்பிட்டார். வந்தவர்களுக்கும் அந்த மாடியில் மூச்சு வாங்கியது.

கட்டடத்தில் அப்போது எழுபது தமிழ்க் குடும்பங்களும் பதினொரு எரித்திரியக் குடும்பங்களும் இருந்தன. நடந்தது என்னவென்று தமிழர் எல்லோரும் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருக்க, எரித்திரியருக்கு ஒரு கேள்வியும் இருக்கவில்லை. முப்பது வருடம் சண்டை பிடித்து, போன மாதம் வாக்களித்து, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஆமென்று சொல்லி, அன்றைக்குத்தான் அவர்கள் தனிநாடு. ரொறன்ரோவில் இருந்தவர்களும் வாக்களித்திருந்தார்கள். அந்த வாக்கு எங்கேயாவது வந்து இறங்கத்தானே வேண்டும், அது எங்கள் படிக்கட்டில் இறங்கியது. முதலாம் மாடியில் மகளோடு இருந்த ஒக்பாஸ்கி என்ற முதியவர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகச் சலவை அறைக்கு வந்தார். முப்பத்தொரு வருடம் ரயில் எஞ்சின் ஓட்டியவர். காற்சட்டையை மடித்துவிட்டு ஒரு காலை நீரில் வைத்தார். "மஸாவா" என்றார். அது அவர்களுடைய துறைமுகத்தின் பெயர். பிறகு அவர் மற்றக் காலையும் வைத்து, நின்றபடி அழுதார். அன்று மாலை விக்ரோறியா மகாராணியின் பெயரில் நகரமெங்கும் வாணவேடிக்கை விட்டார்கள். பதினொரு குடும்பமும் பால்கனிகளில் நின்று, அது தங்களுக்கு விடுகிறதென்றே எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் திருத்தவில்லை.

அந்த நாட்டைப் பார்க்க விரும்புகிறவர் படியில் ஏறினால் போதும். லிஃப்டில் போகிறவர்களுக்கு அது தெரியாது. கடலிலிருந்து தலைநகரான அஸ்மாரா இரண்டாயிரத்து முன்னூறு மீற்றருக்கு மேலே இருக்கிறது. எங்கள் கணக்கில் மாடிக்கு நூற்று முப்பது மீற்றர். நிலக்கீழ்த் தளத்தில் மஸாவா. குண்டுவீச்சில் உடைந்த துறைமுகம், பாரந்தூக்கிகள் பாதி நொண்டி, ஆனாலும் கப்பல் வரத் தொடங்கியிருந்தது. வாகனத் தரிப்பிடத்தின் தென்மூலையில் அஸப் என்ற இரண்டாவது துறைமுகம். கடல் இல்லாமல் போன பெரிய அயல்நாட்டுக்கு அந்த வழியாகத்தான் சாமான் போனது, அதற்கு வரும் துறைமுகக் கூலி அந்த நாட்டின் நல்ல வருமானங்களில் ஒன்று. உப்பளங்கள் உலர்த்தும் இயந்திரங்களுக்குப் பின்னால் இருந்தன. மீன் என்றால் அள்ள அள்ள மீன். ஆனால் அந்த நாட்டு மலைச் சனம் மீன் அவ்வளவாகத் தின்பதில்லை என்று ஒக்பாஸ்கி சொன்னபோது எங்கள் பெண்கள் வாயடைத்துப் போனார்கள். ஆயிரம் கிலோமீற்றர் கடற்கரையை வைத்துக்கொண்டு ஆட்டிறைச்சி தேடுகிற சனத்தை அவர்கள் அதுவரை கண்டதில்லை. பாசையூர் என்ற மீன்பிடி ஊர்க்காரரான நீக்கிலாப்பிள்ளை அடுத்த சனிக்கிழமையே வீச்சுவலையோடு இறங்கினார். பாரை மீன் இறாத்தல் இரண்டு டொலருக்குக் கட்டடத்துக்குள் விலைப்பட்டது.

முதலாம், இரண்டாம், மூன்றாம் மாடிப் படிகளில் வெயில் கொளுத்தும் சமவெளி. ஆடும் ஒட்டகமும் மேய்க்கிறவர்கள் அங்கே. அந்தக் கால்நடைகள் கடலைத் தாண்டி அரபு நாடுகளுக்குப் போகும். நான்காம் மாடி மலையடிவாரம். ஐந்திலிருந்து ஏழு வரை சோளக் காணிகள். முதல் வருடம் மழை பிழைத்தது. அந்தப் படிகளில் வெறும் தூசுதான் நின்றது. எங்கள் பெண்கள் பால்கனியில் வைத்த கத்தரிக் கன்றுகளும் அந்த மூன்று மாடிகளில் மட்டும் கருகின. நாட்டில் நாலில் மூன்று பங்கு சனம் அப்போது உதவித் தானியத்தில்தான் சீவித்தது, அதை ஒக்பாஸ்கி மறைக்கவில்லை. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை மூடுபனி. தோடையும் கோப்பியும் விளைகிற பச்சை மலைச்சரிவு. எங்கள் கட்டடத்துக்குப் பதின்மூன்றாம் மாடி கிடையாது, கட்டியவர்கள் அந்த இலக்கத்துக்குப் பயந்து விட்டுவிட்டார்கள். அந்த இல்லாத மாடியில்தான் ரயில்பாதையின் குகைகள் இருந்தன. பதினான்கு முதல் பதினாறு வரை கல்லடுக்கிய படிவயல்களில் வாற்கோதுமை. அதற்கு மேல் அஸ்மாரா. இத்தாலியர் விட்டுப்போன துணி ஆலை, சப்பாத்துத் தொழிற்சாலை, பியர், நெருப்புப்பெட்டி. உதிரிப்பாகம் இல்லாமல் பாதி நின்றிருந்த இயந்திரங்களுக்கு அந்தச் சனம் தாங்களே பாகம் கடைந்து போட்டார்கள். போராளிகளாக இருந்தவர்கள் சம்பளமில்லாமல் சோற்றுக்கு மட்டும் வீதி போட்டார்கள். வெளிநாட்டில் இருந்த ஒவ்வொருவரும் உழைப்பில் நூற்றுக்கு இரண்டு அனுப்பினார்கள். புகையிரதப் பாதையைக் கட்டித் தருகிறோம், கடனாக இத்தனை கோடி எடுங்கள் என்று வெளியாட்கள் வந்தபோது, வேண்டாம், எங்கள் பாதையை நாங்களே போடுவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதைச் சொல்லும்போது ஒக்பாஸ்கி எப்போதும் கழுத்துப்பட்டியைச் சரிசெய்வார். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கும், எங்களுடையதல்லாத நாடென்றாலும், முதுகு நிமிர்ந்துதான் இருந்தது.

எல்லோரிலும் கூடுதலாக நிமிர்ந்தவர் யோகமலரின் கணவர் தியாகலிங்கம். யாழ்ப்பாணத்து மீசாலை ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்தவர், இப்போது ரொறன்ரோ டவுன்ரவுனில் ஒரு வாகனத் தரிப்பிடத்தின் கூண்டுக்குள் இருந்து தடைமரத்தை ஏற்றி இறக்குகிறவர். அவர் ஏற்றும்போது பச்சைக் கொடி காட்டுகிற கைதான் உயரும். 1990 ஜூனில் வடபகுதிக்கு ரயில் நின்றுபோன கையோடு அவரும் வெளிக்கிட்டார். வெளிக்கிடும்போது கையில் மீசாலை வளையம் இருந்தது. ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்து மோதாமல் இருக்க ரயில்வேயில் ஒரு விதி உண்டு. இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட துண்டுக்கு ஒரு வளையம். பிரம்பு வளையம், அடியில் ஒரு தோற்பை, பைக்குள் நிலையத்தின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. அது கையில் இல்லாமல் எந்தச் சாரதியும் அந்தத் துண்டுக்குள் நுழையக்கூடாது, மறுமுனையில் ஸ்ரேசன் மாஸ்ரரைக் காணாமல் அதை எவரிடமும் கொடுக்கவும் கூடாது. ஷெல் விழுகிற நேரத்தில் அதைக் கொடுக்க ஆளில்லாமல் தியாகலிங்கம் தோளில் மாட்டியபடி ஓடினார். கொழும்பு, சிங்கப்பூர், பவலோ நகரம், அதையடுத்த எல்லை எல்லாம் தாண்டி அது கட்டிலுக்குக் கீழே பெட்டிக்குள் பழைய சாரத் துணியால் சுற்றிக் கிடந்தது.

"அவையள் ஒரு நாட்டையே கொண்டுவந்து படியிலை வைச்சிருக்கினம்," என்பார் யோகமலர். "நீங்கள் ஒரு பிரம்பைக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழை வைச்சிருக்கிறியள்."

"விதி தெரியாமல் கதையாதை, மலர். உது என்ரை கையிலை இருக்கு மட்டும் அந்தத் துண்டுக்குள்ளை ஒரு வண்டியும் போகேலாது."

"தண்டவாளத்தையே கிளப்பி பங்கருக்குப் போட்டாச்சு. பிறகென்ன வண்டி?"

அந்த விஷயத்தில்தான் தியாகலிங்கமும் ஒக்பாஸ்கியும் முதலில் ஒட்டியது. அந்த நாட்டிலும் போர்க்காலத்தில் தண்டவாளத்தைக் கிளப்பிப் பதுங்குகுழிக்குப் போட்டிருந்தார்கள். சலவை அறைக் கரையில் காலை நனைத்துக்கொண்டு இரண்டு பேரும் இரும்புக் கணக்குப் பேசினார்கள், ஒரு பங்கருக்கு எத்தனை அடி தண்டவாளம் போகும், சிலிப்பர்க் கட்டை எத்தனை என்று. ஆனால் தியாகலிங்கத்தின் மனதில் வேறொன்று குடைந்துகொண்டிருந்தது. தான் வளையத்தைக் கொடுக்காமல் வந்ததால்தான் அங்கே ரயில் செத்தது என்று அவர் உள்ளூர நம்பினார். அதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை, ஒக்பாஸ்கியிடம் மட்டும் சொன்னார். ஒக்பாஸ்கி சிரிக்கவில்லை. சாரதி சிரிக்கக்கூடிய விஷயமல்ல அது.

1994 ஓகஸ்டில் ஒக்பாஸ்கிக்கு அஸ்மாராவிலிருந்து கடிதம் வந்தது. பாதையைத் திரும்பப் போடுகிறோம், பழைய ரயில்காரர் எவர் உயிரோடு இருந்தாலும் வரவும் என்று எழுதியிருந்தது. அவருக்கு எழுபத்தொரு வயது. கடிதத்தை வாசித்துவிட்டு அன்றே தலைமயிர் வெட்டிக்கொண்டு வந்தார். மகள் செம்ஹார் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்தவள், எழுபத்தொரு வயது நெஞ்சு எப்படி இருக்கும் என்று தெரிந்தவள். மலை உயரத்தில் உங்கள் சுவாசப்பை ஒரு மாதம் தாங்காது, பெட்டியில் வைத்து அனுப்பிய தகப்பனை நான் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அழுகை, சண்டை, இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தது எல்லாம் நடந்து, கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். கடலிலிருந்து பத்தொன்பதாம் மாடி வரை அவர் படியால் ஏறவேண்டும். எங்கேயும் உட்காரக்கூடாது. ஏறினால் பயணச்சீட்டை அவளே வாங்கிக் கொடுப்பாள். ஏறாவிட்டால் அந்தக் கடிதத்தைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை.

செப்ரெம்பரில் இரண்டு முறை முயன்றார். இரண்டு முறையும் ஏழாம் மாடித் தூசுக்குள் உட்கார்ந்துவிட்டார். செம்ஹார் அவரை லிஃப்டில் கீழே கூட்டிப் போனாள். இரண்டாம் முறை தியாகலிங்கம் ஆறாம் மாடியில் நின்று கடிகாரத்தோடு பார்த்தார். அவர் மீசாலைக்கு முன்னர் ஆறு வருடம் மலைநாட்டு நானு ஓயாவில் வேலை பார்த்தவர், ஏற்றத்தில் ரயில் எப்படி மூச்சுவிடும் என்பது தெரியும். அன்று லிஃப்ட் ஒன்று பழுது. ஒக்பாஸ்கி ஏறிக்கொண்டிருக்க, மேலேயிருந்து ஒருவர் மெத்தையோடு இறங்கினார், பிறகு ஒரு பெண் சாமான் வண்டிலோடு, பிறகு பிறந்தநாள் கேக்கோடு மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் ஒதுங்கிக் கொடுக்க அவர் நின்றார். ஏற்றத்தில் நின்ற வண்டியைத் திரும்பக் கிளப்புவது எவ்வளவு பாடு என்பது எந்த எஞ்சின்காரனுக்கும் தெரியும். பழுது நெஞ்சில் இல்லை, ஒற்றைப் பாதையில் வளையமில்லாமல் வண்டி விட்டதுதான் பிழை என்று தியாகலிங்கம் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த பிறகு இரண்டு நாள் கட்டிலுக்குக் கீழே குனிந்து குனிந்து பார்த்தார்.

யோகமலர்தான் கேட்டார். "என்ன, கட்டிலுக்குக் கீழை பார்த்துப் பார்த்து நிக்கிறியள்?"

"அது மீசாலை வளையம், மலர். இஞ்சத்தைப் படிக்குப் பாவிக்க எனக்கென்ன உரிமை? நாளைக்கு அங்கை பாதை போட்டு, வளையம் எங்கை எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"நாலு வரியமாப் பெட்டிக்குள்ளை கிடந்து அது ஆருக்கு உதவிச்சுது? அந்தாளுக்கு எழுபத்தொரு வயசு. உங்கடை விதிக்கு அவர் காத்துக்கொண்டு இருக்க ஏலுமே?"

தியாகலிங்கம் பெட்டியை இழுத்தார். பித்தளைத் தகடு பச்சை பிடித்திருந்தது. பழப்புளி போட்டுத் தேய்த்தார். மீசாலை என்ற பெயர் மேலே வந்தது.

ஒக்ரோபர் 15, சனிக்கிழமை காலை ஒன்பது மணி தொடக்கம், வளையம் இல்லாத எவரும் கிழக்குப் படிக்கட்டில் கால் வைக்கக்கூடாது என்று நீக்கிலாப்பிள்ளை மூன்று மொழியில் அறிவித்தல் ஒட்டினார். தமிழும் இங்கிலீஷும் அவருடைய எழுத்து, திக்ரின்யா செம்ஹாருடையது. விருப்பமில்லாத காரியத்துக்கும் அவள் எழுத்துப்பிழை விடாதவள். ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒருவர் பச்சைத் துணியோடு நின்றார். பச்சையில் சேலை இல்லாத வீடு எங்களில் எது? தியாகலிங்கம் வெள்ளைச் சீருடை போட்டு, சலவை அறைக் கரையில் நின்று, வளையத்தை உயர்த்திப் பிடித்தார். ஒக்பாஸ்கி இடது கையை நுழைத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு தியாகலிங்கம் அவருக்குப் பின்னால் போய் இரண்டு உள்ளங்கையையும் அவர் முதுகில் வைத்தார். நானு ஓயா ஏற்றத்தில் பாரமான வண்டிக்குப் பின்னாலும் ஒரு எஞ்சின் பூட்டுவார்கள், முன் எஞ்சின் இழுக்க அது தள்ளும். அன்று அவர் அந்தப் பின் எஞ்சின். யோகமலர் ஒரு வாளியோடு அவர்களுக்குப் பின்னால் ஏறினார். ஏன் வாளி என்று ஒருவரும் கேட்கவில்லை.

மூன்று மாடி வெயிலில் ஏறினார்கள். ஏழாம் மாடித் தூசை நிற்காமல் தாண்டினார்கள், கதவடியில் நின்ற சனம் கைதட்டியது. மூடுபனிக்குள் பச்சைத் துணி மட்டும்தான் தெரிந்தது, அதைப் பார்த்து ஏறினார்கள். பன்னிரண்டுக்கு மேலே இல்லாத மாடியின் குகைக்குள் போனவர்கள் வெளியே வரப் பதினொரு நிமிடம் எடுத்தது. உள்ளே என்ன நடந்தது என்று மூன்று பேரும் இன்றுவரை சொல்லவில்லை. வெளியே வந்தபோது தியாகலிங்கத்தின் வெள்ளைச் சீருடை கரி பிடித்திருந்தது, ஒக்பாஸ்கியின் வாயிலிருந்து மூச்சோடு வெள்ளை ஆவி வந்தது. பதினாறாம் மாடியில், வாற்கோதுமை வயல் நடுவே, அவர் நின்றார். கால் எழும்பவில்லை. வைத்த கால் வழுக்கி ஒரு படி கீழே வந்தது. மேலே நின்ற செம்ஹார், போதும் அப்பா, போதும் என்று கத்திக்கொண்டு இறங்கி வந்தாள். பச்சைத் துணி பிடித்தவர் துணியை இறக்கிவிட்டார். இனி அவ்வளவுதான் என்று எங்கள் எல்லோருக்கும் தோன்றியது.

"மலர், மணல்!" என்றார் தியாகலிங்கம்.

ஏற்றத்தில் சில்லு வழுக்கினால் தண்டவாளத்தில் மணல் தூவவேண்டும். ஸ்ரேசன் மாஸ்ரரின் பெண்சாதிக்கு அது தெரியாதா? ரொறன்ரோவில் மணலுக்கு எங்கே போவது என்று யோசித்து, யோகமலர் ஒரு வருடமாகச் சலவை அறைச் சுவரில் சுரண்டிய செங்கடல் உப்பை வாளியில் கொண்டுவந்திருந்தார். பனிக்காலத்தில் வழுக்காமல் வாசற்படிக்குப் போடுகிற மாதிரியே முன்னால் போய்ப் படிப்படியாகத் தூவினார். ஒக்பாஸ்கி குனிந்து பார்த்தார். தன் நாட்டுக் கடலின் உப்பு, மலையில். அந்த உப்பை முப்பத்தொரு வருடம் மூட்டை மூட்டையாக அஸ்மாராவுக்கு ஏற்றியவர் அவர். சப்பாத்து உப்பில் நறுக்கென்று பதிந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து நீளமாக ஒரு விசில் சத்தம் வந்தது, வீதியில் போனவர்களும் அதைக் கேட்டார்கள். அவர் ஏறினார். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. எமில்டா ரீச்சரின் கதவில் கை வைத்துக்கொண்டு நின்று, கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். செம்ஹார் அவர் சப்பாத்தில் ஒட்டியிருந்த உப்பைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, எந்தக் கிழமைக்குச் சீட்டு எடுக்க என்று கேட்டாள். அந்தக் கட்டடத்தில் அன்று அழாதவர் லிஃப்டில் போனவர்தான்.

இந்தச் சந்தோஷத்துக்குள் ஒரு காரியம் பிழைத்தது. சாரதி மறுமுனையில் வளையத்தை ஸ்ரேசன் மாஸ்ரரிடம்தான் கொடுக்கலாம். உச்சி மாடியில் ஸ்ரேசன் மாஸ்ரர் இல்லை. தியாகலிங்கம் பின்னால் நின்றார், ஆனால் அன்றைக்கு அவர் எஞ்சின். கீழே வந்த பிறகும் அந்தப் பயணத்துக்கு அவர் எஞ்சின்தான். விதிப்படி ஒக்பாஸ்கியால் கொடுக்க முடியவில்லை, விதிப்படி தியாகலிங்கத்தால் கேட்க முடியவில்லை. வேறு எந்த இரண்டு மனிதரும் அரை நிமிடத்தில் தீர்த்துவிடக்கூடிய சிக்கல் இது. மூன்று கிழமைக்குப் பிறகு விமான நிலையத்தில் ஒக்பாஸ்கி மேலங்கிக்குள் தோளில் வளையத்தோடு நின்றார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்தபோது அது இருவர் நெஞ்சிலும் அமத்தியது.

"வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே!" என்றார் யோகமலர்.

"எஞ்சின் எஞ்சினிட்டை வளையம் கேக்கிறேல்லை, மலர்."

1995 தொடக்கத்தில் சலவை அறையில் சுத்தியல் சத்தம் கேட்கத் தொடங்கியது. மார்ச்சில் முதலாம் மாடி வரை படியோரமாகச் சின்னத் தண்டவாளம் ஏறியிருந்தது. அங்கே எவ்வளவு தூரம் போட்டார்களோ அவ்வளவுதான் இங்கேயும் ஏறியது. வெளிநாட்டு இயந்திரம் எதுவும் இல்லை, பங்கருக்குள் இருந்து கிண்டியெடுத்த பழைய இரும்பு, எழுபது எழுபத்தைந்து வயதுக் கைகள். கட்டடத்தில் எல்லோரும் அதைப் பார்க்கப் போனார்கள். தியாகலிங்கம் போகவில்லை. அந்த வருடம் ஒக்ரோபர் கடைசியில், சண்டை நெருங்க, யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் மழைக்குள் மூட்டை முடிச்சோடு மீசாலை இருக்கும் தென்மராட்சிக்கு நடந்தது. மீசாலை ஸ்ரேசன் மேடையிலும் குடும்பம் குடும்பமாகப் படுத்திருக்கிறார்கள் என்று தொலைபேசியில் செய்தி வந்தது. அன்று அவர் கூண்டில் தடைமரத்தை ஏற்ற மறந்து ஒரு மணித்தியாலம் இருந்தார், வாகனங்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றன. அந்த மேடைக்கு ஒரு வண்டி விட எவராவது நினைத்தாலும், அதற்குரிய வளையத்தை நான் வேறொரு நாட்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்று முதன்முறையாக மனைவியிடம் சொல்லி அழுதார். யோகமலர் அன்று பகிடி விடவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் இருந்தார்.

1996 ஏப்ரல் 20, சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு, தண்டவாளம் நான்காம் மாடிக்கு வந்த மறுநாள், படிக்கட்டுக் கதவடியில் விசில் கேட்டது. அந்த விசிலைத் தியாகலிங்கம் நித்திரையிலும் அறிவார். ஆனால் அவர் சாரத்தோடு ஓடவில்லை. சீருடை போட்டு, தொப்பி வைத்து, பொத்தான் பூட்டித்தான் போனார், ஸ்ரேசன் மாஸ்ரராக. ஏறி வந்த எஞ்சின் சின்னது, கறுப்பு, படியின் அகலத்துக்கு அளவு. சன்னலில் கரிபிடித்த முகத்தோடு ஒக்பாஸ்கி. அதே நேரம் அவர் அங்கே மஸாவாவுக்கு மேலேயுள்ள மலையடியில் வேலையில் நின்றார் என்பதைச் செம்ஹார் பிறகு தொலைபேசியில் உறுதிப்படுத்தினாள். வண்டி நிற்கும் முன்பே ஒக்பாஸ்கி கையை நீட்டினார். தியாகலிங்கம் கையை உயர்த்தினார். வளையம் அவர் முழங்கையில் வந்து விழுந்து தோள் வரை ஏறியது, சுடச்சுட, எண்ணெய் பிசுக்கோடு. இப்போது முன்னால் நின்றது ஸ்ரேசன் மாஸ்ரர், கொடுக்கலாம். அவர் தோற்பையைத் திறந்து தகட்டைப் பார்த்தார். மீசாலை. பெருவிரலால் அந்தப் பெயரைத் துடைத்தார். ஆறு வருடம் செத்துக் கிடந்ததென்று அவர் நினைத்த வளையம், மலை ஏறி, கடல் தாண்டி, வண்டி ஓட்டித் திரும்பி வந்திருந்தது. அவருக்கு அப்படியொரு பெருமை, தானே ஒரு நாட்டைக் கட்டி முடித்தது போல்.

"திரும்பவும் பெட்டிக்குள்ளை வைக்கிறதே?" என்று பின்னால் நின்ற யோகமலர் கேட்டார்.

"ஓடுற வளையத்தைப் பெட்டிக்குள்ளை வைக்கிறேல்லை," என்றார் தியாகலிங்கம். வண்டி இறங்கிப் போவதற்கு வளையத்தை அவரே உயர்த்திக் கொடுத்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் ஆறு பத்துக்கு வண்டி வருகிறது, வளையம் வருகிறது, வளையம் போகிறது. ஆறு பத்துக்குச் சாமான் வண்டில்களைப் படியில் விடவேண்டாம் என்று நீக்கிலாப்பிள்ளை நிரந்தர அறிவித்தல் ஒட்டியிருக்கிறார். எங்கள் வாரப் பத்திரிகை இந்த நேரத்தைப் பதினோராம் பக்கத்தில், புட்டுமா விலைக்குக் கீழே போடுகிறது. 1997 நவம்பரில் அந்த நாடு தன் சொந்த நாணயத்தை வெளியிட்டது. ஒக்பாஸ்கி ஒரு தாளைத் தோற்பைக்குள் வைத்து அனுப்பினார், அதை யோகமலர் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறார். தண்டவாளம் இன்னும் உச்சிக்குப் போகவில்லை, மேலே போகப்போக வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. எமில்டா ரீச்சர் பிரஷர் குக்கர் வாங்கிவிட்டார், காத்திருக்கிறார். கரி படியும் என்று யோகமலர் இப்போது ஏழு மணிக்குப் பிறகுதான் சலவைக்கு இறங்குகிறார். கொடுத்து வாங்கிக் கொடுத்து வாங்கி, தகட்டில் மீசாலை என்ற எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வருகிறது. பாவனையில் உள்ள வளையத்தில் எழுத்துத் தேய்வது வழமை என்றும், ஊரில் தேவைப்படும் நாளில் திரும்பப் பொறித்துக்கொள்ளலாம் என்றும் ஸ்ரேசன் மாஸ்ரர் சொல்கிறார்.